என் கைமேல் எழுதிவிட்டாயே

நைனா,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. சாப்பிட்டிருப்பாய். நன்றாகத் தூங்கியும் இருப்பாய். இங்கே எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். எனக்குக் கோபம் வந்தால் வழக்கமாக இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டுக்கொள்வேன் என்பது உனக்கே தெரியும். அப்படிப்பட்டவள் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்து உன் அப்பா பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திக்கொள். நன்றாக இருப்பதையே திருத்துகிறவன் நீ, பிழையைத் திருத்தமாட்டாயா? போனில் திட்டிப் பார்த்தேன். "சரிமா, சரிமா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நீ என்னை மட்டும் அவமானப்படுத்தியிருந்தால் வீட்டுக்குள்ளேயே வைத்துத் தீர்த்துக்கொண்டிருப்பேன். நீ உத்திரமேரூரைச் சுற்றி எழுத்துக் கூட்டிப் படிக்கிற அத்தனை பேரையும் சேர்த்து அவமானப்படுத்தியிருக்கிறாய். அத்தனை பேரும் படிக்கட்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நீ படக்கதை வரைகிறவன். காமிக்ஸ் என்றால்தான் உன் சிநேகிதர்களுக்குப் புரியும், எனக்குப் படக்கதை என்றால் போதும். கதையை எழுதுகிறவர் வேறு. அவர் காஞ்சிபுரத்தில் இருக்கிறார், நான் அவரை சார் என்பேன். அவர் தாளில் எழுதி அனுப்புவதை நீ கட்டம் கட்டமாகப் படமாக்குகிறாய். இந்த வேலையை நீ எடுத்துக்கொண்ட புதிதில் எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சார் மழை என்று எழுதினால் நீ மழை வரையப் போகிறாய், மாடு என்று எழுதினால் மாடு. இதற்கு எதற்கு இத்தனை மாதம், மாட்டை வரைவதற்குள் மாடே கன்று போட்டுவிடும் என்று கிண்டல் செய்தேன். முதல் புத்தகத்தை நீ நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வரைந்தபோதுதான் அது என்ன வேலை என்று கண்ணால் பார்த்தேன். கனகா என்று ஒரு சிறுமி, அவள் வீட்டு எருமை காணாமல் போகிறது, அவள் தேடிப் போகிறாள். கதை அவ்வளவுதான். "கனகா ஏரிக்கரையில் எருமையைத் தேடினாள்" என்று சார் ஒரே வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ விழித்த விழி இருக்கிறதே! கரைமேல் நின்று தேடுகிறாளா, கீழே இறங்கித் தேடுகிறாளா, நாம் அவளை முன்னாலிருந்து பார்க்கிறோமா, முதுகுப் பக்கமிருந்தா என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டு, குச்சிக் கை குச்சிக் கால் வைத்து, ஒரே ஆளை விதவிதமாக நிறுத்திப் பார்த்தாய். வீடு முழுக்கப் போன தேதிகள் பறந்துகொண்டிருந்தன. கடைசியில் ஒரு பக்கம் முழுக்க ஏரியை வரைந்து, மூலையில் ஒரு புள்ளியாக அந்தப் பெண்ணை வைத்தாய்.

"ஏன்டா, கதைக்கு நாயகி அவதானே? கொசு மாதிரி வரஞ்சி வச்சிக்கீற?" என்று கேட்டேன்.

"தொலஞ்சது அவளுக்கு அவ்ளோ பெருசும்மா" என்றாய்.

அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. பிறகு நீயாகவே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாய். பயமுறுத்துகிற படம் வலதுபக்கக் கடைசிக் கட்டத்தில் வரக்கூடாது, பக்கத்தைத் திருப்பினதும் வரவேண்டும், அப்போதுதான் திருப்புகிற கைக்குப் படபடப்பு இருக்கும் என்றாய். ஆள் பேசுவதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சுக்கு மேலே இடம் விட்டு வரைய வேண்டும், இல்லையென்றால் வசனத்தை அவன் தலையில்தான் ஒட்டவேண்டியிருக்கும் என்றாய். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் கோடு மாதிரி ஒரு வெள்ளை இடம் விடுகிறாயே, அது எதற்கு, தாள் வீண்தானே என்று கேட்டேன். "அந்த எடத்துலதாம்மா படிக்கறவங்க வேலை செய்றாங்க. இந்தக் கட்டத்துல கைய ஓங்கறான், அடுத்த கட்டத்துல அவன் கீய கெடக்கறான். அடி விழுந்தத நான் வரையல. நீதான் போட்ட" என்றாய். சொன்னது நீதான் நைனா, மறந்துவிடாதே. உன் வாயால்தான் சொன்னாய்.

வரைவதற்கு எங்களை ஆட்டிவைத்ததையும் சொல்ல வேண்டும். எருமை கயிற்றை இழுக்கும்போது கயிறு எப்படி விறைக்கும் என்று பார்ப்பதற்காக உன் அப்பாவின் கழுத்தில் கயிற்றைக் கட்டி நாலு காலில் நிற்கவைத்தாய். அவர் அதற்காக அதிகமாக நடிக்க வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். பக்கத்து வீட்டு ராணி முள் குத்திய காலைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றாள், அடுத்த நாள் களை பிடுங்கக் குனியமுடியவில்லை என்று உனக்கு சாபம் விட்டாள். என்னை நைட்டியோடு கனகாவின் அம்மாவாக்கினாய். புத்தகத்தில் மட்டும் புடவை கட்டிவிட்டிருந்தாய், அந்த மட்டும் புண்ணியம்.

இப்போது அந்த ரெண்டு பக்கத்துக்கு வருகிறேன். கதையின் கடைசியில் சார் எழுதியது "எருமை திரும்பி வரவில்லை" என்ற ஒரு வரி மட்டும். அதை நீ ரெண்டு பக்கமாக்கினாய். ஒரு எழுத்துகூட இல்லாத ரெண்டு பக்கம். முதல் கட்டத்தில் கனகா அறுந்த கயிற்றோடு வாசலில் நிற்கிறாள். அடுத்ததில் அம்மா அந்தக் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்குகிறாள். பிறகு அந்தக் கயிற்றைக் கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றுகிறாள். சுற்றுகிறாள். இன்னொரு கட்டத்திலும் சுற்றுகிறாள். கயிறு முடிந்துபோகிறது. கடைசிக் கட்டத்தில் அது ஆணியில் தொங்குகிறது, கீழே தவிட்டுத் தொட்டி காலியாகக் கிடக்கிறது. எங்கேயும் முகம் தெரியாது, கை மட்டும்தான். அந்தக் கைக்காக ஒரு மத்தியானம் பூராவும் என்னைக் கயிறு சுற்றவைத்தாய். "வேகமா சுத்தாதம்மா, சந்தைக்குப் போற மாதிரி கீது" என்றாய். "மெதுவா சுத்தினா சீரியல்ல அய்வற மாதிரி கீது" என்றாய். எப்படித்தான்டா சுற்றுவது என்று நான் கத்தினதும், "எப்பவும் சுத்தற மாதிரியே சுத்து" என்றாய். சுற்றினேன். நரம்பும் வளையலும் நகத்தில் இருந்த சாணிக் கறையுமாக அதை அப்படியே வரைந்தாய். முடித்துக் காட்டியபோது ராணியும் பக்கத்தில் இருந்தாள். எதற்கெடுத்தாலும் என்னோடு சேர்ந்து கேலி பேசுகிறவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஐயே, இன்னாக்கா இது" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு எழுத்துகூட இல்லை நைனா. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அச்சாகிப் புத்தகம் வந்த அன்றைக்கு நான் வாசலிலேயே நின்று அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். கயிறு இருந்தது. கை இல்லை. கை இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு பெட்டி, அதற்குள் எழுத்து. விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன்: "அம்மா மிகுந்த துயரம் அடைந்தாள்." அடுத்த கட்டத்திலும் ஒரு பெட்டி: "ஆசையாக வளர்த்த எருமை அல்லவா!" ஆணியில் தொங்குகிற கயிற்றின்மேல் இன்னொன்று: "இனி அது வரவே வராது." எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. ஏனென்றால் வசனங்களை நீ எப்படி வைப்பாய் என்பதை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் அடித்துக்கொண்டு வந்து, கத்தரித்து, பசை தடவிப் படத்தின்மேல் ஒட்டுவாய். இடம் சரியில்லை என்று தோன்றினால் லேசாக ஈரம் பண்ணி உரித்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டுவாய், கீழே படம் பத்திரமாக இருக்கும். புத்தகத்திலும் அப்படித்தான் ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். யாரோ வேலை தெரியாத ஆள் இடம் மாற்றி ஒட்டிவிட்டான், கீழே என் கை இருக்கும், உரித்துவிடலாம் என்று பெட்டியின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வரவில்லை. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. துண்டின் நுனியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். மஞ்சள் வெளுத்தது, எழுத்து இளகியது, சரி, வருகிறது என்று இழுத்தால் தாள் பிய்ந்து கையோடு வந்தது. ஓட்டை வழியாக அடுத்த தாளில் இருந்த புத்தக விலை தெரிந்தது. உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, புக்க கய்வி வச்சிக்கினு கீற?" என்றார். சிரிக்கிறாயா? சிரி. நானும் ராணியிடம் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அந்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை ராணியிடம் சொல்லவில்லை.

சார்தான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எழுதுகிறவருக்குத் தன் எழுத்து இல்லாத பக்கத்தைப் பொறுக்குமா? நம் பிள்ளை பேரெடுத்துவிடுவான் என்று பொறாமையில் பெட்டி பெட்டியாக எழுதிப் போட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். நான் திட்டுகிற திட்டில் சாருக்கு விக்கல் எடுக்கட்டும் என்றேன். இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் அந்த மனுஷனே நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் ஹெல்மெட், தோளில் பை. கரண்டு ஆபீஸ் ஆள் என்று நினைத்து, மீட்டர் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். அவரும் மரியாதைக்குப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த கதைக்காக ஏரி நிரம்பி வழிகிற கலங்கலைப் பார்க்க வந்தாராம், அப்படியே உன் வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். யார் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னேன், மோர் கொடுத்தேன். வயிறு குளிர்ந்தபிறகு திட்டுவதுதான் நம் வீட்டு முறை.

"ஏன் சார், எயுத எடம் கெடைக்கலன்னா எங்க வூட்டு செவுத்துல எயுதலாமே. என் கை மேலதான் எயுதணுமா?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. ஓட்டை விழுந்த பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இந்தப் பெட்டி எதையும் நானா எழுதலை. இந்த ரெண்டு பக்கத்தை அவர் வரைஞ்சு அனுப்பினப்போ, நான் எழுதின வரியையே அடிச்சிட்டேன். இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். ஒரு வாரம் கழிச்சு உங்க பையனே போன் பண்ணார். எல்லாக் கட்டத்துக்கும் ஒரு வரி எழுதிக் குடுங்க சார், இல்லன்னா புரியாதுன்னார். வேணாம்னு சொன்னேன். பிடிவாதமா கேட்டார்."

"எம் புள்ளயா?"

"உங்க பிள்ளைதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மோர்ச் செம்பைத் தட்டிவிட்டேன். அப்போதுதான் உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று நீ மறந்திருக்கலாம், வீட்டில் இருந்த பல்லிகூட மறக்கவில்லை.

"டேய், சார் வந்து குந்திகினு கீறாரு. அந்தப் பொட்டிங்கள நீதான் கேட்டு வாங்கினியாமே?"

"ஆமாம்மா."

"இன்னாத்துக்கு?"

"ஊர்ல கீறவங்களுக்குப் புரியணும்ல."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதாம்மா. சிட்டில காமிக்ஸ் படிச்சிப் பயகினவங்க, படத்த வச்சே புரிஞ்சிக்குவாங்க. நீங்கல்லாம் வெறும் படத்தப் பாத்தா குயம்பிடுவீங்களோன்னு…"

"எனக்குப் படிக்கத் தடுமாறும்னு ஒனக்குத் தெரியும். தடுமாறவளுக்குப் புரியணும்னு, இருந்த படத்த மறச்சி, எயுத்த வச்சியா? ஒனக்கு மூளை கீதா, இல்ல அதையும் வரஞ்சி வித்துட்டியா?"

சார் சிரிப்பை அடக்கமுடியாமல் புரையேறி இருமினார். நீ சிரிக்கவில்லை. "உடும்மா, பேஜாரு பண்ணாத. புது புக்குக்கும் அப்டித்தான் கேட்டுக்கீறேன், சார் எயுதிக் குடுத்துடுவாரு. அடுத்த வெள்ளிக்கெயம அச்சுக்குப் போவுது" என்றாய். அதற்கப்புறம்தான் சரிமா, சரிமா.

நீ வைத்தபிறகு சாரிடம், இந்தத் தடவை நீங்கள் எழுதித் தராதீர்கள், அவன் என்ன செய்துவிடுவான் பார்ப்போம் என்றேன். அவர் தலையாட்டவில்லை. "அது அவர் வரைஞ்ச பக்கம்மா. அவர் கேட்டதை நான் இல்லைன்னா, அவர் பக்கத்துல நான் கை வெச்ச மாதிரி ஆயிடும். அவரே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்படியே அனுப்பிடறேன்" என்றார். பொறாமைக்காரர் என்று நான் ஊரெல்லாம் தூற்றிய மனுஷன், உன்னைவிட உன் படத்துக்கு மரியாதை கொடுக்கிறார். விக்கலை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நைனா, நாங்கள் குழம்பிவிடுவோமா? இந்த ஊரில் பாதிப்பேர் சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறோம். படத்தைப் பார்த்து ஆட்சியையே மாற்றுகிறவர்களுக்கு உன் எருமைக் கயிறு புரியாதா? நம் வீட்டு டிவியில் சத்தம் போய், பழுது பார்க்கக் காசில்லாமல் எத்தனை நாள் ஊமையாகவே சீரியல் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? மாமியார் வாயசைத்தால் என்ன திட்டுகிறாள் என்று ராணி சொல்வாள், மருமகள் திரும்பிப் பார்த்தால் மனசுக்குள் என்ன நினைக்கிறாள் என்று நான் சொல்வேன். சத்தம் திரும்பி வந்தபிறகு அவர்கள் பேசியதைக் கேட்டு, நாங்கள் பேசியதே நன்றாக இருந்தது என்று அலுத்துக்கொண்டோம். நீயும் கூடவே குந்திக்கொண்டு சிரித்தவன்தானே? நாளைக்கு உனக்கு ஒருத்தி வரத்தான் போகிறாள். அவள் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அதற்குக் கீழே மஞ்சள் பெட்டியில் விளக்கம் எழுதித் தருவாள் என்று காத்திருந்தாயானால் உன் குடும்பம் விளங்கிவிடும். பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகு. மற்றவர்களும் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பப் பழகு. அது ரெண்டும் இல்லாமல் நீ என்னத்தைப் படம் வரைகிறாய்?

சொன்னால் நம்பமாட்டாய் என்று ஒரு காரியம் செய்தேன். புதுப் புத்தகத்தில் அண்ணன் ஒருவன் தங்கையைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பழையசீவரத்தில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுத் திரும்புகிற கதை இருக்கிறதே, அதில் அண்ணனாக நின்றது உன் அப்பா. அவருக்குக் காட்டுவதற்காக நீ விட்டுப்போன ஜெராக்ஸ் தாள் வீட்டில் இருந்தது, பெட்டி ஏறாத தாள். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கால்வாய் தூர்வாருகிற வேலைக்குப் போனேன். மத்தியானம் புங்கமர நிழலில் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது எல்லோருக்கும் நடுவில் விரித்து வைத்தேன். மேல் கட்டத்தில் தங்கை பெட்டியோடு புருஷன் வீட்டு வாசலில் இறங்கி நிற்கிறாள். கீழ்க் கட்டத்தில், தூரத்தில் மலைக்கோயில், அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான், ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பின்னால் கேரியர்மேல்.

"பஞ்சரு" என்றாள் ராணி, பார்த்த மாத்திரத்தில்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. "ஆமா, பஞ்சருதான்" என்றேன். நீ சொன்னது சரியாகிவிடுமோ என்று பயந்தேன்.

கூட வேலைக்கு வந்திருந்த அஞ்சலை அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "பஞ்சருன்னா டயர இல்ல பாப்பான்? இவன் எங்க பாக்கறான், பாருங்கடி. ரோட்டயும் பாக்கல, டயரயும் பாக்கல."

"கேரியர்ல பொட்டி கீதா, வியாம புடிச்சிக்கினு வர்றானா?" என்று கேட்டாள் அவள் மருமகள்.

"பொட்டி ஏதுடி? பொட்டியும் தங்கச்சியும் அங்க எறக்கியாச்சி. வெறும் கேரியர்மே."

"வெறும் கேரியர எவனாவது புடிச்சிக்கினு வருவானா?"

நான் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்துப் பார்த்தேன். "சீக்கிரம் வூடு போய்ச் சேந்துட்டா, அவ இல்லாத வூடு. அதான் தள்ளிக்கினு வர்றான்" என்றேன். "அது இல்லக்கா, ஏறி மிதிச்சா பின்னால கனம் இல்லாதது காலுக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் அஞ்சலை அக்காவின் மருமகள். அப்படி இப்படி என்று ஒரே வாக்குவாதம், சோறு காய்ந்துகொண்டிருந்தது. ராணி பிறந்த வீடு தென்னேரி. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள் கடைசியில் சொன்னாள்: "எங்க அண்ணன் என்ன இங்க உட்டுட்டுப் போனப்ப நான் வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தேன். தெருமொன வரைக்கும் சைக்கிள்ல ஏறவே இல்ல. நானும் இத்தன வருசமா பஞ்சருன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

அந்தக் கட்டத்துக்கு நீ என்ன எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறாய் என்று சார் எனக்குச் சொல்லிவிட்டார். "அண்ணனின் மனம் கனத்தது." அந்த வரி அங்கே இருந்திருந்தால் ராணி அதைக் கூட்டிப் படித்துவிட்டு, அப்படியா, சரி என்று ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருப்பாள். அவள் அண்ணன் கால்வாய்க்கரைக்கு வந்திருக்கமாட்டான். வெள்ளை இடத்தில் படிக்கிறவர்கள் வேலை செய்கிறார்கள் என்றாயே, நாங்கள் வேலை செய்யத் தெரியாதவர்களா? பிறந்ததிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறோம்?

கடைசியாக ஒன்று. இதை இத்தனை நாள் நான் உன்னிடம் பேசியதில்லை, நீயும் என்னிடம் பேசியதில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது நம் எருமை ஏரிச் சேற்றில் சிக்கிச் செத்துப்போனது. உன் அப்பாவும் மற்றவர்களும் அங்கேயே குழி தோண்டினார்கள், நான் மட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ வாசற்படியில் நின்றிருந்தாய். நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றினேன், ஆணியில் மாட்டினேன், அடுப்பு மூட்டப் போய்விட்டேன். நீ எருமை எங்கே என்று கேட்கவே இல்லை. அன்றைக்குப் பால் இல்லாமல் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தவிட்டுத் தொட்டியை நீயாகவே கவிழ்த்து வைத்தாய். சார் எழுதிய ஒரு வரிக்கு நீ வரைந்த ரெண்டு பக்கம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு உனக்கு எந்தப் பெட்டியில் எழுதிக் காட்டினார்கள்? அரைக்கால் சட்டை போட்ட பையனுக்குப் புரிந்தது, புத்தகம் வாங்குகிற ஊருக்குப் புரியாதா? நீ எழுத்தை வைத்து மறைத்தது என் கையை மட்டும் என்று நினைத்தேன். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனையும் சேர்த்துத்தான் மறைத்துவிட்டாய். எனக்கு ஆறாத கோபம் அதுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் சாரைக் கூப்பிட்டு, பெட்டி வேண்டாம் என்று சொல். நீண்ட பேச்சு வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும். சொன்னாயா என்று நான் போன் போட்டுக் கேட்கமாட்டேன், சாரிடமும் விசாரிக்கமாட்டேன். புத்தகம் வரட்டும். ராணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, விரலில் எச்சில் தொட்டு அந்தப் பக்கத்தைத் திருப்புவேன். திருப்பினதோடு அந்த விரலுக்கு வேலை முடிந்துபோக வேண்டும்.

அம்மா